‘வா’ இல்லாத உத்தரவு

நாயக் தவசி எந்த மனிதனையும் ‘போ’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. கக்கூசுக்குக் கிளம்புகிறவனைக்கூட ‘போயிட்டு வா’ என்றுதான் அனுப்புவார். நான் அந்தப் பனிமலை முகாமுக்கு வந்த புதிதில், கூடாரத்தை விட்டு வெளியே போகும்போது வாய் தவறி “நான் போறேன் உஸ்தாத்” என்று சொல்லிவிட்டேன். எங்கள் படையில் மேல் ரேங்க்காரரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். மனுஷன் என்னைத் திரும்பக் கூப்பிட்டார். கோட்டு, முகமூடி, கையுறை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, மறுபடி மாட்டச் சொல்லி, “போயிட்டு வர்றேன்” என்று என் வாயால் சொன்ன பிறகுதான் விட்டார். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றி மாட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவரை மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேதான் மாட்டினேன்.

அவர் வாயிலிருந்து வெறும் ‘போ’ வருவது ஒரே ஒரு சமயத்தில்தான். மண்ணெண்ணெய் தீர்ந்த காலி கேன்களை முகாமுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் தள்ளிவிடுவோம். தவசி கேனைக் காலால் ஒரு எத்து எத்தி, “போ” என்பார்.

“கேனுக்கு மட்டும் மரியாதை கிடையாதா உஸ்தாத்?” என்று சிப்பாய் லாரன்ஸ் கேலி செய்வான். குளச்சல்காரன். வாய் சும்மா இருக்காது.

“அது என்ன திரும்பியா வரப் போகுது?” என்பார் தவசி.

நாங்கள் பத்துப் பேர். தவசிதான் தலைவர், நான் அவருக்கு அடுத்தவன், லான்ஸ் நாயக் சேர்மதுரை, கையில் ஒற்றைப் பட்டை. முகாமுக்கு மேலே ஒரு சரிவைத் தாண்டி ரேடார் கோபுரம் இருந்தது. அதில் பனி அடைத்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கக் குருடாகிவிடும். யாராவது ஒருத்தன் சரிவைத் தாண்டிப் போய்ச் சுரண்டிவிட்டு வர வேண்டும். எங்கள் பிழைப்பே அதுதான். பெரிய அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்து ‘ஓர் ஆளை அனுப்பு’ என்பார்கள். அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டியவர் ரெண்டு பட்டை போட்ட நாயக். பட்டாளத்தில் உயிருக்குப் பொறுப்பு என்பது அவ்வளவு கீழே இருந்துதான் தொடங்குகிறது. இது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, சில சமயம் மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது.

ஒருநாள் ஹெலிகாப்டரில் கேப்டன் வாசவி ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். சிக்னல் பிரிவு, சின்ன வயது, படித்த களை. அங்கே காற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது என்பதால் எல்லோரும் காதுக்குள் ஒரு கருவி வைத்திருப்போம். தவசி பேசுவது அதில்தான் வரும். அந்தக் கருவிகளோடு பெட்டியைச் சேர்த்துவிட்டுக் கேப்டன் விளக்கினார்.

“தவசி, நீங்க ரெண்டு நாளா தூங்கலைன்னு வைங்க. இல்ல, மயங்கி விழுந்துட்டீங்க. அப்போ உங்க செக்‌ஷனை யார் நடத்துவாங்க?”

“இந்தா, சேர்மதுர இருக்கான்ல.”

“அவரும் விழுந்துட்டா? இந்தப் பெட்டி காத்து, பனி, ஆளுங்களோட நாடித்துடிப்பு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கும். தேவைப்பட்டா உங்க குரல்லயே உத்தரவு குடுக்கும். நீங்க பேசறதைக் கேட்டுக் கேட்டு, நீங்க எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லும்.”

“எப்ப நான் பேசறேன், எப்ப அது பேசுதுன்னு பயலுகளுக்கு எப்படித் தெரியும் மேடம்?”

“தெரியக்கூடாது. அதுதான் விஷயமே. மெஷின் சொல்லுதுன்னு தெரிஞ்சா சிப்பாய் ஒரு நிமிஷம் யோசிக்கிறான். அவனோட நாயக் சொன்னா யோசிக்கறதில்லை. சோதிச்சுப் பார்த்திருக்கோம். பதிவுலயும் ஒரே குரல்தான். எது யாரோடதுன்னு பிரிச்சு வைக்க வேணாம்னு மேலே சொல்லிட்டாங்க.”

தவசி மீசையை நீவினார். “அது சொல்லி ஒருத்தன் செத்தா?”

“உத்தரவு உங்க குரல்ல வருது. அதனால உங்க உத்தரவு. விதி அப்படித்தான்.”

“ஆக, வாய் அதுக்கு, கழுத்து எனக்கு. நல்லாத்தான் இருக்கு” என்றார் தவசி. கேப்டன் அதைக் கேட்காதது மாதிரி ஒயரைச் சுருட்டினார்.

அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. காதில் “பழனியாண்டி, பனிக்கட்டி உடைக்கணும், போயிட்டு வாப்பா” என்று தவசியின் குரல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் தவசி டீ டம்ளரை வாயில் வைத்திருப்பார். அதே கம்பம் பேச்சு, அதே இழுப்பு, நடுவில் அவர் விடும் அதே செருமல். நான் அவர் பேசும்போதெல்லாம் அவர் தொண்டைக் குழியைப் பார்க்க ஆரம்பித்தேன். அது ஏறி இறங்கினால் அவர், இல்லாவிட்டால் அது. வெளியே முகமூடி போட்ட பிறகு அதுவும் தெரியாது. கொஞ்ச நாளில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. “ஏப்பா, அவன ஸ்டோருக்கு அனுப்புனது நானா?” என்று என்னிடமே கேட்பார். அவர் நிஜமாகக் கேட்கிறாரா, இல்லை ஏதாவது தப்பு நடந்தால் தப்பித்துக்கொள்ள இப்போதே வழி பண்ணுகிறாரா என்று எனக்குத் தோன்றியது. ஒன்றாகத் தின்று ஒன்றாகத் தூங்கிய ஆட்கள், ஒருத்தர் வாயை ஒருத்தர் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாரன்ஸ் போனது ஒரு மத்தியானம். காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. நானும் அவனும் ஸ்டோர் கூடாரத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தோம், தவசி அடுத்த கூடாரத்துக்குள் தனியாக இருந்தார். காதில் குரல் வந்தது.

“லாரன்ஸு, கோபுரத்துல பனி அடைச்சிருச்சுப்பா. நீ போ.”

என்னமோ குறைகிறதே என்று எனக்குப் பட்டது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை. “செரி உஸ்தாத், போயிட்டு வாறேன்” என்று லாரன்ஸ் கிளம்பிவிட்டான். சரிவைத் தாண்டினான், பனியைச் சுரண்டினான். கோபுரத்தின் பச்சை விளக்கு எரிந்ததைக் கீழிருந்து பார்த்தோம். திரும்பி வரும்போது சரிவு மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவனைத் தோண்டி எடுக்கக்கூட எங்களால் முடியவில்லை. அவன் படுக்கையை யார் சுருட்டுவது என்று தெரியாமல் அது அப்படியே விரித்துக் கிடந்தது.

விசாரணைக்கு இரண்டு பெரிய அதிகாரிகளும் கேப்டன் வாசவியும் வந்தார்கள். “நான் அனுப்பல. அந்தக் காத்துல நான் எவனயும் அனுப்ப மாட்டேன்” என்று தவசி காலையில் தொண்டை கிழியக் கத்தினார். நான் சாட்சி சொன்னேன்.

“அது உஸ்தாத் இல்ல மேடம். அவரு எவனையும் வெறுமன ‘போ’ன்னு சொல்ல மாட்டாரு. இந்த முகாமுல எவன்கிட்ட வேணும்னாலும் கேளுங்க.”

கேப்டன் அதை அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு பெட்டியை நடுவில் வைத்து, எங்கள் முன்னாலேயே அதைச் சோதித்தார். சுடுதண்ணீர் கொண்டு வர ஓர் ஆள் வேண்டும் என்றார். “சேர்மதுர, சுடுதண்ணி எடுக்கணும், போயிட்டு வாப்பா” என்றது பெட்டி. ஸ்டோருக்கு ஓர் ஆள், ஹெலிகாப்டர் இறங்கும் இடத்துக்கு ஓர் ஆள், அப்போது வெயில் அடித்துக்கொண்டிருந்த சரிவுக்கே ஓர் ஆள் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ‘போயிட்டு வா’. ஒரு தடவைகூட அது தவறவில்லை.

“பாருங்க சேர்மதுரை,” என்றார் கேப்டன். “இது மறக்காது, சோர்ந்து போகாது. நீங்க சொல்றதை வெச்சே பார்த்தா, ‘வா’வை முழுங்கினது மனுஷன்தான்.”

என் சாட்சியே உஸ்தாத் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. நான் தவசியைப் பார்த்தேன். அவர் பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். கடைசியாகக் கேப்டன் “நீங்கதான் சொன்னீங்களா?” என்று கேட்டபோது, “இருக்கலாம் மேடம்” என்றார்.

காலையில் அப்படிக் கத்தின மனுஷன் மத்தியானம் இப்படி மடங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கும் வந்தது. எல்லாவற்றையும் விட அந்த ‘இருக்கலாம்’தான் என்னைக் கோபப்படுத்தியது. சொன்னேன் என்று சொல், இல்லை என்று சொல், அது என்ன நடுவில்?

பட்டையைப் பிடுங்கி, பட்டாளத்தை விட்டே நீக்கி அவரைக் கீழே அனுப்பினார்கள். ஹெலிகாப்டர் வந்து நின்றபோது எல்லோரும் கூடாரத்துக்குள்ளேயே இருந்துகொண்டார்கள், நான் மட்டும் வெளியே நின்றேன். தவசி பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர், வழியில் கிடந்த ஒரு காலி கேன் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்துக்கொண்டே அதை எத்திப் பள்ளத்தில் தள்ளினார். “நான் போறேன் சேர்மதுர” என்றார்.

மாட்டிக்கொண்ட ஆள் எரிச்சலில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். ‘போ’ என்று சொல்லாத வாயாம், இப்போது எப்படி வருகிறது பார் என்று நினைத்தேன்.

இரண்டாவது பட்டை எனக்கு வந்தது. கேப்டன் என்னை ஒரு மூலையில் உட்கார வைத்து, மணிக்கணக்காகப் பேச வைத்துக் குரலை எடுத்துக்கொண்டார். “குரல் மட்டும்தான் உங்களுது. இந்த மலையைப் பத்தி ஏற்கனவே படிச்சதெல்லாம் அப்படியே இருக்கும்” என்றார். அதற்கப்புறம் என் உடன்குடிப் பேச்சில், என் குரலில், தவசியின் பழக்கத்தைப் பெட்டி பேச ஆரம்பித்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருக்கும்போது என் காதில் நானே “போயிட்டு வாலே” என்று சொல்வேன். பையன்கள் என் தொண்டைக் குழியைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எப்படி உறுத்தும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த பனிக்காலத்தில் ஒரு சாயங்காலம், மறுபடி கோபுரத்தில் அடைப்பு. நான் கூடார வாசலில் இருந்தேன். பழனியாண்டி வெளியே சரிவுப் பக்கம் நின்றிருந்தான். என் காதில் என் குரல் வந்தது.

“பழனியாண்டி, கோபுரம் நின்னு போச்சு. நீ போலே.”

அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

எனக்கு லாரன்ஸ் நினைவுக்கு வரவில்லை. பள்ளத்தில் உருண்ட அந்தக் காலி கேன்தான் நினைவுக்கு வந்தது. தவசி என்னைப் பார்த்துக்கொண்டே எத்தியது வந்தது. அது என்ன திரும்பியா வரப் போகுது?

“பழனியாண்டி, நில்லு. போவாத” என்று கத்தினேன்.

அவன் நின்றான். உடனே காதில் என் குரல், “நிக்காதலே, நேரமாவுது, போ” என்றது. நான் “அது நான் இல்ல, நில்லு” என்றேன். “சொன்னதச் செய்யுலே” என்றேன் நான், நான் சொல்லாமலே. அவன் ஒரு கணம் இங்கே பார்த்தான், அங்கே பார்த்தான். நல்ல சிப்பாய், அதனால் நடக்க ஆரம்பித்தான்.

ஓடினேன். அந்த உயரத்தில் ஓடினால் நெஞ்சு வெடிப்பது போல இருக்கும். சரிவின் விளிம்பில் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்து, ரெண்டு பேரும் விழுந்தோம். அவன் திமிறினான். நான் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, என் வாயை அவன் கண்ணுக்கு நேரே வைத்து, “நான்தாம்லே பேசுதேன், பாரு, நான்தான்” என்று கத்தினேன். அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தான். கொஞ்ச நேரத்தில் எங்கள் முன்னால் சரிவு இறங்கியது. இரைச்சல் அடங்கியதும் அவன் அழுதான். எனக்குக் கன்னத்தில் பனி கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்று ராத்திரி முழுக்கக் கோபுரம் செத்துக் கிடந்தது என்று கீழிருந்து எனக்கு நல்ல திட்டு விழுந்தது. கயிறு உறைந்துபோயிருந்தது, ஆளை அனுப்ப முடியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். லீவு கிடைத்ததும் ஊருக்குப் போகாமல் நேரே தவசியின் ஊரான கம்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

தவசி ஒரு திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என் கன்னத்தைப் பார்த்ததும் டப்பாவை இறக்கி வைத்தார்.

“யாருக்குப்பா சொல்லுச்சு?”

“பழனியாண்டிக்கு. இழுத்துப் போட்டுட்டேன்.”

கொடிப் பந்தலின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அப்ப வெளங்கிருச்சுல்ல உனக்கு.”

“எப்ப தெரியும்ணே ஒங்களுக்கு?”

“அந்தம்மா பெட்டியச் சோதிச்சாங்கள்ல, அப்பத்தான். எல்லாம் போயிட்டுத் திரும்பி வர்ற வேலையாவே கேட்டாங்க. அதுவும் வா, வா, வான்னு சொல்லுச்சு. அது எங்கிட்ட படிச்ச பயப்பா. திரும்பி வராதுன்னு தெரிஞ்சு நான் அனுப்புனது காலி கேனுதான? அதுக்கு என்ன சொன்னேன்? லாரன்ஸு வர மாட்டான்னு கணக்குப் போட்டுட்டுத்தான் அனுப்பியிருக்கு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியல, அம்புட்டுத்தான்.”

“இத அங்கேயே சொல்லியிருக்கலாம்லா? பட்டையும் போயி, பேரும் போயி...”

“சொன்னா என்ன செய்வாங்க?”

“ஆள இப்படிச் சாவ அனுப்புதத நிறுத்துவாவ.”

அவர் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. “லாரன்ஸு போனப்புறம் கோபுரத்துல வெளக்கு எரிஞ்சுதா இல்லியா? கீழ இருக்கறவங்களுக்கு அதுல என்ன தப்புத் தெரியும்? கணக்கு சரி, பேச்சுத்தான் கோளாறுன்னு பேச்சத் திருத்துவாங்க. அப்பறம் சாகப் போறவனுக்கும் நல்லா வாய் நெறய ‘போயிட்டு வா’ன்னு சொல்லும். நம்ம பயலுகளுக்கு இருக்கற ஒரே துப்பு அது. அதயும் புடுங்கிக் குடுக்கச் சொல்றியா?”

அந்தப் பெட்டி கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வாயைத் திறக்க முடியாமல்தான் அன்றைக்குக் கேனை எத்தினார். நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றேன்.

“லாரன்ஸோட அப்பா வந்தாரு,” என்றார் தவசி, மண்ணைப் பார்த்துக்கொண்டு. “குளச்சல்லேருந்து. இந்தா, கேட் பக்கத்துல நின்னாரு. ஒண்ணும் கேக்கல. தண்ணி குடுத்தேன், வாங்காமப் போயிட்டாரு.”

“அவருகிட்டயாவது...”

“அவருகிட்ட சொன்னா அவரு சும்மா இருப்பாரா? நான் இருப்பனா, எம் மவனா இருந்தா?” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேணாம்ப்பா. இப்ப கழுத்து ஒன்னோடது. பாத்துக்க.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேட் வரைக்கும் வந்து, “போயிட்டு வா” என்றார். நான் பஸ்ஸில் வெகு நேரம் அந்த ‘வா’வையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முகாமுக்குத் திரும்பியதும் பையன்களிடம் ஒரு சட்டம் போட்டேன். பெட்டி கேட்டாலும் வெறும் மரியாதைப் பேச்சாகத்தான் படும் என்று சத்தமாகவே போட்டேன். “ஏலே, நானே ஆனாலும் செரி, மரியாதையில்லாம வெறும் ‘போ’ன்னு சொன்னா ஒருத்தனும் அசையக் கூடாது. எம் மூஞ்ச நேர்ல பாத்துக் கேட்டுட்டுதான் கெளம்பணும்.” புது நாயக்குக்கும் தவசியின் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். பழனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்துக் கேப்டன் வாசவி வந்தார். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“சேர்மதுரை, ஒரு சின்ன மாத்தம் பண்ணலாம்னு பார்க்கிறேன். ஒவ்வொரு உத்தரவுலயும் ‘போயிட்டு வா’ன்னு இழுக்குது. நெருக்கடி நேரத்துல அது வேஸ்ட். எல்லாத்துக்கும் சுருக்கமா ‘போ’ன்னு வெச்சிடலாமா?”

இவருக்கு ஏதாவது தெரியுமா, தெரிந்துதான் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். வேலைக் களைப்பைத் தவிர அதில் எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் தவசிக்குப் பட்டை திரும்பக் கிடைக்கும். குளச்சலுக்கு ஒரு கடுதாசி போகும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கூடாரத்துக்கு வெளியே பையன்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

நான் பல்லைக் காட்டி அசடு வழிந்தேன்.

“வேணாம் மேடம். சகுனம். ‘போ’ன்னா பயலுவ பயந்துருவானுவ. நானும் பயந்துருவேன். எங்க ஊர்ல பொணத்தத்தான் அப்படி அனுப்புவோம்.”

“பட்டாளத்துல சகுனமா? நீங்கள்லாம் எப்பத்தான் மாறப் போறீங்க?” என்றார் கேப்டன். சலிப்போடு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியை மூடினார். “சரி, இருக்கட்டும். விடுங்க.”

ஹெலிகாப்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு கூடாரத் திரையை விலக்கினார்.

“அப்போ நான் போறேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க மேடம்,” என்றேன். “போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.